பகலில் பெர்க்லி, இரவில் ஓக்லாந்து: விஜய் ஐயருக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்த மேடைகள்

முத்தாபுதுப்பேட்டையில் கிதார் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு, சென்னை நகருக்குள் போய் ஒரு ஜாஸ் நிகழ்ச்சி பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஆவடி வரை பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல். அப்புறம் இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து நுங்கம்பாக்கம். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே கடைசி ரயில் நேரத்தை மொபைலில் நாலு தடவை பார்த்தாக வேண்டும். வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் யூடியூப்லயே இருக்கே, எதுக்கு இவ்ளோ அலைச்சல்?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பிறந்த ஒரு தமிழரின் வாழ்க்கையில் இதற்கான பதில் இருக்கிறது. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கப் போனவர், அந்த ஊரின் ஜாஸ் கலைஞர்களோடு வாசிக்க ஆரம்பித்து, கடைசியில் இயற்பியலையே விட்டுவிட்டார். இன்று அவர் ஹார்வர்டு பேராசிரியர். பெயர் விஜய் ஐயர்.

யார் இந்த விஜய் ஐயர்?

1971-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து குடியேறிய தமிழர்கள். மூன்று வயதில் வயலின் கற்க ஆரம்பித்து, சுமார் 15 ஆண்டுகள் முறையாக மேற்கத்திய செவ்வியல் இசை படித்தார். ஆனால், அவரைப் புகழ்பெற வைத்த பியானோவை பெரும்பாலும் காதால் கேட்டே, தானாகக் கற்றுக்கொண்டார்.

படிப்பு? யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும். அதை முடித்ததும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ரகமான பயோடேட்டா.

(இங்கே ஒரு குழப்பம் வரலாம். பாஸ்டனில் இருப்பது பெர்க்லீ இசைக் கல்லூரி. விஜய் ஐயர் படித்தது சான் ஃபிரான்சிஸ்கோ அருகே உள்ள பெர்க்லி பல்கலைக்கழகம். இரண்டும் வேறு வேறு.)

பெர்க்லிக்குப் பக்கத்து ஊர்தான் ஓக்லாந்து. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் உள்ள தூரம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியில் மூத்த கறுப்பினக் கலைஞர்கள் சிறிய கிளப்புகளிலும் பார்களிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்மர்கள் இ.டபிள்யூ. வெயின்ரைட், டொனால்டு பெய்லி ஆகியோரின் குழுக்களில் விஜய் ஐயர் பியானோ வாசித்தார். பெய்லி சாதாரண ஆள் இல்லை. ப்ளூஸும் ஜாஸும் கலந்த ஆர்கன் இசையால் உலகப் புகழ் பெற்ற ஜிம்மி ஸ்மித்தின் டிரம்மராக இருந்தவர்.

1994-ல் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன் கலைஞரும் ஆய்வாளருமான ஜார்ஜ் லூயிஸ் ஆகியோரோடு வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. 1995-ல் விஜய் ஐயர் இயற்பியல் துறையை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு முதல் ஆல்பம் வந்தது.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு 'பேஷன்' பின்னால் போனவர்களின் கதைகள் லிங்க்ட்இனில் நிறைய உண்டு. இது அப்படிப்பட்ட கதை இல்லை. ஆராய்ச்சிப் படிப்பையே விட்டுவிட்டு அவர் போகவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பத்தையும் கலையையும் இணைக்கும் ஒரு புதிய ஆராய்ச்சிப் பாதையை அமைத்துக்கொண்டார். இரவில் மேடையில் எதிர்கொண்ட கேள்விகளுக்குப் பகலில் பதில் தேடினார் என்றே சொல்லலாம்.

ஜாம் செஷன்ல அப்படி என்ன நடக்குது?

ஜாஸ் கிளப்பை 'பாட்டு கேட்டுக்கிட்டே சாப்பிடுற இடம்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அது ஒரு வகுப்பறை.

ஜாம் செஷன் என்பது இப்படி நடக்கும். பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று ஒரு நிரந்தரக் குழு மேடையில் இருக்கும். சாக்ஸபோன், டிரம்பெட், கிதார் என்று கருவியோடு வருபவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முறை வந்ததும் மேடையேறி, எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எவ்வளவு வேகம் என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ரிகர்சல் கிடையாது. பல நேரம் முன்பின் அறிமுகமே இருக்காது. இப்படி மேடையேறி வாசிப்பதை 'சிட்டிங் இன்' என்பார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் எப்படிச் சேர்ந்து வாசிக்க முடியும்? எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டகம் இருப்பதால்தான். அதில் மிக எளிமையானது 12 பார் ப்ளூஸ்.

ஒரு பாருக்கு நான்கு தட்டு. அப்படி 12 பார்கள், மொத்தம் 48 தட்டுகள். 'சி' சுருதியில் வாசித்தால் முதல் நான்கு பார் சி கார்டு. அடுத்த இரண்டு எஃப். திரும்ப இரண்டு பார் சி. பிறகு ஒரு பார் ஜி, ஒரு பார் எஃப், கடைசி இரண்டு பார் சி. முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து. இதற்குள் சின்னச் சின்ன மாற்றங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது புரிவது சுலபம். ஒரு ஆவர்த்தனம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் மேடையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருப்பது போல, அந்த 12 பார் சுற்று எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அந்தச் சுற்றின் மேல் கற்பனையாக வாசிப்பார்கள். பிறகு டிரம்மரும் மற்றவர்களும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பதும் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் கேள்வி-பதில் போல மாறி மாறி வாசித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வரும் குறைப்பு நினைவுக்கு வரும். கடைசியில் திரும்ப மெட்டு. அவ்வளவுதான்.

தப்பு பண்ணா என்ன ஆகும்?

சுற்றில் ஒரு பார் தவறவிட்டால் மேடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'பாஸ்' பண்ணி ரீவைண்ட் செய்ய முடியாது.

இதற்கு ஜாஸ் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1936-ல் கான்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில், பதின்வயது சார்லி பார்க்கர் சாக்ஸபோனோடு ஜாம் செஷனில் ஏறினார். வாசிப்பு பாதியில் தடம் மாறியது. டிரம்மர் ஜோ ஜோன்ஸ் தன் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் வீசினார். கிளம்பு என்று அர்த்தம். அவமானப்பட்டுப் போன அந்தப் பையன் வெறித்தனமாகப் பயிற்சி செய்து திரும்பி வந்தார். பத்து ஆண்டுகளுக்குள் பீபாப் என்ற புதிய பாணியை உருவாக்கியவர்களில் ஒருவராக உலகம் அவரைக் கொண்டாடியது.

எல்லா இடத்திலும் சிம்பல் பறக்காது. ஆனால் இசை தெரிந்தவர்கள் முன்னால் வாசித்து, தன் இடம் எது என்று தெரிந்துகொள்ளும் அனுபவம், தனியறைப் பயிற்சியில் கிடைக்காது. ஒரு மூத்த டிரம்மர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது, அவர் எப்போது அடிக்கிறார் என்பது மட்டுமில்லை, எப்போது அடிக்காமல் விடுகிறார் என்பதும் பாடம்.

நோட்டேஷனில் எழுத முடியாத அந்த மில்லி விநாடி

விஜய் ஐயர் 1998-ல் முடித்த ஆய்வேடு இதைத்தான் கையில் எடுத்தது. மேற்கு ஆப்பிரிக்க இசையிலும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையிலும் தாளத்தை மனித உடல் எப்படி உணர்கிறது என்பதுதான் அதன் மையக் கேள்வி.

ஒரு உதாரணம். நான்கு தட்டு உள்ள தாளத்தில் இரண்டாவது, நான்காவது தட்டில் ஸ்னேர் டிரம் அழுத்தமாக விழும். இதை 'பேக்பீட்' என்கிறார்கள். நோட்டேஷனில் பார்த்தால் அது மிகச் சரியாக நடுவில் இருக்கும். ஆனால் நல்ல டிரம்மர்கள் வாசிப்பதை அளந்து பார்த்தால், பல நேரம் அந்த அடி ஒரு துளி தாமதமாக விழுகிறது. மில்லி விநாடிக் கணக்கில்தான் வித்தியாசம். காது அதைத் 'தாமதம்' என்று உணர்வதில்லை. 'செம ஃபீல்' என்று உணர்கிறது.

இது பிழை இல்லை, வெளிப்பாடு என்பது விஜய் ஐயரின் வாதம். கால் தரையில் தட்டுவது, கைதட்டுவது, மூச்சு விடுவது, நடப்பது போன்ற உடல் அசைவுகளில் இருந்துதான் தாள உணர்வு வருகிறது என்கிறார். இசை என்பது மூளைக்குள் மட்டும் நடக்கும் கணக்கு இல்லை. அதற்கு உடல் வேண்டும், அந்த உடல் இருக்கும் இடமும் சூழலும் வேண்டும். 2002-ல் இந்தக் கருத்துகளை ஒரு ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

கணிதமும் இயற்பியலும் படித்த ஒருவர், 'இதைச் சமன்பாடாக மட்டும் பார்த்தால் போதாது' என்று சொன்னதுதான் இதில் சுவாரஸ்யம். ஓக்லாந்து மேடைகளில் மூத்தவர்களோடு உட்காராமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே அவருக்கு இவ்வளவு அழுத்தமாக எழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 2009-ல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பம் கிராமி பரிந்துரை பெற்றது. 2013-ல் 'ஜீனியஸ் கிராண்ட்' என்று அழைக்கப்படும் மெக்ஆர்தர் நல்கை, 6,25,000 டாலர். 2014-ல் ஹார்வர்டு பேராசிரியர் பதவி.

ஏன் ஓக்லாந்து?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். அந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு இசைக்கலைஞர்கள்?

பதில் ரயிலில் இருந்து தொடங்குகிறது. 1869-ல் அமெரிக்காவின் கண்டம் கடக்கும் ரயில் பாதை ஓக்லாந்து வரை வந்தது. படுக்கை வசதி கொண்ட புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாளர்களாக இருந்த கறுப்பின மக்கள் பலர் மேற்கு ஓக்லாந்தில் குடியேறினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கப்பல் கட்டும் தளங்களும் ராணுவத் தளமும் ஆட்களைக் கூப்பிட்டன. டெக்சாஸ், லூசியானா போன்ற தென் மாநிலங்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1940-ல் 8,462 ஆக இருந்த ஓக்லாந்தின் கறுப்பின மக்கள்தொகை 1950-ல் 47,562 ஆனது.

வந்தவர்கள் ப்ளூஸையும் கூடவே கொண்டுவந்தார்கள். மேற்கு ஓக்லாந்தின் ஏழாவது தெரு முழுக்க கிளப்புகள், உணவகங்கள், கடைகள். 1933-ல் தொடங்கிய ஸ்லிம் ஜென்கின்ஸ் கிளப் அதில் புகழ்பெற்றது. லோவல் ஃபுல்சன் போன்ற ப்ளூஸ் கலைஞர்கள் ஓக்லாந்தில் இருந்துதான் பெயர் எடுத்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு அது பொழுதுபோக்கு. வளரும் கலைஞனுக்கு அது பள்ளிக்கூடம்.

ரயில் பாதை, ராணுவக் கிடங்குகள், வெளியூரில் இருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் என்ற கலவை ஆவடி, பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை பக்கம் வசிப்பவர்களுக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவக் கிடங்குகளால் வளர்ந்த ஊர்தான் ஆவடி. முத்தாபுதுப்பேட்டைக்குப் பக்கத்திலேயே விமானப்படை நிலையம் இருக்கிறது.

அந்தத் தெரு என்ன ஆச்சு?

இடித்துவிட்டார்கள். ஒரே நாளில் இல்லை, 'வளர்ச்சித் திட்டம்' ஒவ்வொன்றாக.

1950-களில் சைப்ரஸ் என்ற ஈரடுக்கு மேம்பால நெடுஞ்சாலை மேற்கு ஓக்லாந்தைக் குறுக்கே வெட்டியது. 1960-ல் பெரிய தபால் பிரிப்பு மையம் கட்டுவதற்காகப் பல தெருக்களைக் காலி செய்தார்கள். வீடுகளை இடிக்க அப்போது பயன்படுத்தியது என்ன தெரியுமா? பழைய ராணுவ டாங்கி. டாங்கி தயாரிக்கும் ஆவடிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூட இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு பார்ட் என்ற மின்சார ரயிலுக்கான உயர்பாதை, ஏழாவது தெருவின் மேலேயே வந்தது. பேச்சுச் சத்தமே கேட்காத அளவுக்கு ரயில் தலைக்கு மேல் ஓடும் தெருவில் யார் கிளப் நடத்துவார்கள்?

சைப்ரஸ் மேம்பாலத்தின் கதை சோகமாக முடிந்தது. 1989 நிலநடுக்கத்தில் அது சரிந்து 42 பேர் உயிரிழந்தார்கள்.

விஜய் ஐயர் 1990-களின் தொடக்கத்தில் அங்கே போனபோது ஏழாவது தெருவின் பொற்காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் கலைஞர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. இடங்கள் சுருங்கின, சிதறின. மிச்சமிருந்த மேடைகளில் மூத்தவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வேறு இனத்தைச் சேர்ந்த, பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஒரு இளைஞருக்கு அவர்கள் இடம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்க அமெரிக்க இசைச் சமூகத்துக்குத் தான் கடன்பட்டிருப்பதை விஜய் ஐயர் பல பேட்டிகளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

ஒரு கிளப் மூடப்படும்போது ஒரு வியாபாரம் மட்டும் மூடப்படுவதில்லை. கட்டணம் வாங்காத, சான்றிதழ் கொடுக்காத ஒரு பள்ளிக்கூடமும் மூடப்படுகிறது. ஏழாவது தெருவின் கதை சொல்வது இதைத்தான்.

நம்ம பக்கம் இப்படி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. 'டூயட்' படப் பாடல்களில் சாக்ஸபோன் வாசித்த கத்ரி கோபால்நாத்தை எல்லோருக்கும் தெரியும். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்த அவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, அந்தக் கருவியில் கர்நாடக இசையைக் கொண்டுவர ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்தவர். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவருக்குக் குருவாக இருந்து வழிகாட்டினார்.

1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவுக்கு கோபால்நாத் போனார். அங்கே அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, 'உங்களோடு மேடையில் சேர்ந்து வாசிக்கலாமா?' என்ற பொருளில் கேட்டார். அதே 'சிட்டிங் இன்'தான். அந்த ஜுகல்பந்தி ரசிகர்களைக் கட்டிப்போட்டது. கோபால்நாத்தின் பயணத்தில் அது திருப்புமுனை என்று சொல்லப்படுகிறது. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் நிகழ்ச்சியில் அவர் வாசித்தார். 'டூயட்' வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

இதில் இன்னொரு ஆச்சரியம்: அந்த ஜான் ஹேண்டி பள்ளிப்படிப்பு படித்தது மேற்கு ஓக்லாந்தில்!

கதை அங்கேயும் முடியவில்லை. இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா என்ற சாக்ஸபோன் கலைஞருக்கு, அவருடைய அண்ணன் விளையாட்டாக கோபால்நாத்தின் ஆல்பம் ஒன்றைப் பரிசளித்தார். கேட்டு அசந்துபோன ருத்ரேஷ், பல ஆண்டுகள் கழித்து அவரையே சந்தித்து, 2008-ல் 'கின்ஸ்மென்' என்ற ஆல்பத்தைச் சேர்ந்து வெளியிட்டார். வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியும் அதில் வாசித்திருக்கிறார். ருத்ரேஷும் விஜய் ஐயரும் நீண்டகால இசைக் கூட்டாளிகள்.

ஆவடியைத் தாண்டி மேற்கே போகும் ரயில் பாதையிலும் ஒரு பெயர் உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்த கிதார் கலைஞர் பிரசன்னா. ஐஐடி மெட்ராஸில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டன் பெர்க்லீயில் ஜாஸ் படித்தவர். கிதாரில் கர்நாடக இசை வாசிப்பவர். 2011-ல் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோரோடு 'தீர்த்தா' என்ற ஆல்பத்தில் வாசித்தார்.

சென்னைக்கு ஜாஸ் புதுசா?

இல்லவே இல்லை. அமெரிக்க அரசின் கலாச்சாரப் பயணமாக 1958-ல் டேவ் புரூபெக் குழுவும், 1963-ல் டியூக் எலிங்டன் இசைக்குழுவும் மெட்ராஸுக்கு வந்திருக்கின்றன. எலிங்டனின் பயண அனுபவங்களில் இருந்து பிறந்ததுதான் 1966-ல் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்'.

இன்று நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் வெளிநாட்டு, உள்நாட்டு ஜாஸ் குழுக்கள் அவ்வப்போது வாசிக்கின்றன. எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும் நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. சில நட்சத்திர ஓட்டல்களிலும் லைவ் இசை உண்டு.

சிக்கல் இரண்டு. ஒன்று, இந்த இடங்கள் பெரும்பாலும் நகரின் நடுவிலும் தெற்கிலும்தான். மேற்குப் புறநகரில் இருந்து போய்த் திரும்புவது பெரிய வேலை. இரண்டு, இவை பெரும்பாலும் 'ஷோ'. கேட்கலாம், கைதட்டலாம். கருவியோடு வந்த இளைஞர் மேடையேற வழி அரிது. கச்சேரி பார்ப்பது வேறு, ஜாம் செஷனில் உட்காருவது வேறு.

அப்போ ஆவடி பக்கம் எதுவுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஜாஸ், ப்ளூஸ் கலைஞர்கள் பலர் முதலில் வாசித்தது தேவாலயத்தில். இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டும் டிரம்ஸும் வாசிக்கும் பிள்ளைகள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்: பாடுபவர் திடீரென்று சுருதி மாற்றினால் அந்த நொடியே பிடிக்க வேண்டும். கல்யாண மேடை லைட் மியூசிக்கிலும், கானா கச்சேரியிலும் அதே கதைதான். ரிகர்சல் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டு வாசிக்கும் பயிற்சி இங்கேயும் இருக்கிறது. இதை யாரும் 'கல்வி' என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை ஜாஸ் கேட்கப் போறீங்களா?

* முன் வரிசையைவிட டிரம்மர் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். குழுவில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பாதி உரையாடல் கண்ணிலேயே நடக்கும்.

* பாஸ் வாசிப்பவரைப் பின்தொடருங்கள். பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று தொலைந்துபோனால் அவர்தான் வழிகாட்டி.

* 12 பாரை எண்ணிப் பாருங்கள். முதலில் தவறும். மூன்றாவது பாட்டில் பிடிபட ஆரம்பிக்கும்.

* ஒருவர் சோலோ முடித்ததும், பாட்டு நடுவிலேயே கைதட்டலாம். அது தொந்தரவு இல்லை, மரியாதை.

* முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். கலைஞர்கள் கருவியை மடித்து வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் பேசுவார்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு என்ன பதில்?

யூடியூப் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ருத்ரேஷுக்கும் முதலில் கையில் கிடைத்தது ஒரு ஆல்பம்தான். பதிவில் இருந்து மெட்டைக் கற்கலாம், கார்டுகளைக் கற்கலாம், வேகத்தைக் குறைத்துவைத்து ஒரு சோலோவை அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் நீங்கள் தவறும்போது பதிவு உங்களுக்காக நிற்காது. நீங்கள் புதிதாக ஒன்று வாசித்தால் அதற்குப் பதிலாகத் தன் அடியை மாற்றாது. ஓக்லாந்தில் விஜய் ஐயரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரம்மர்கள் அதைச் செய்தார்கள். பம்பாயில் ஜான் ஹேண்டி அதைச் செய்தார்.

முத்தாபுதுப்பேட்டைக்குத் திரும்பும் கடைசி ரயிலைப் பிடிக்க, நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டை விட்டுவிட்டு எழுந்து வர வேண்டியிருக்கலாம். பரவாயில்லை. வீட்டில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்: யூடியூப்ல எல்லாப் பாட்டும் இருக்கு. ஆனா 'மேல வா, ஒரு பாட்டு வாசி'ன்னு அது கூப்பிடாது.